அச்சம் நகையாகும் இடம்: பிரித்தானியத் திருட்டு நகைச்சுவைப் படங்களும் குழந்தைப் பார்வையாளரும்

ஆய்வுச்சுருக்கம்

கள்வரை அச்சத்திற்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வைக்கிறது. ஆயினும் திருட்டைக் கதைப்பொருளாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் அதே கள்வரைக் காட்டிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கின்றன. இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கிறது என்பதை, 1955இல் வெளிவந்த ‘தி லேடிகில்லர்ஸ்’ என்னும் பிரித்தானியப் படத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ (1951), தமிழில் ‘திருடாதே’ (1961), ‘காசேதான் கடவுளடா’ (1972), ‘காக்கா முட்டை’ (2015) ஆகியன ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நகையின் நான்கு நிலைக்களன்களுள் ‘மடன்’ என்பதே இப்பிரித்தானியப் படங்களின் நகைக்கு ஆணிவேர் என்பதும், குழந்தை தன்னை அடையாளம் காணும் இடமும் அதுவே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, அச்சம், மடன், குழந்தைப் பார்வையாளர், திருட்டு நகைச்சுவைப் படம், ஈலிங், கோவிலம்பாக்கம்.

முன்னுரை

குழந்தைகள் காணும் திரைப்படத்தைப் பற்றித் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்பி வந்துள்ளது. அப்படம் குழந்தைக்கு என்ன கற்பிக்கிறது என்பது ஒன்று. என்ன தீங்கு செய்யும் என்பது மற்றொன்று. இரண்டாம் வினாவை அரசும் எழுப்புகிறது. 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் ‘யுஏ’ என்னும் சான்றிதழை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுகளின் அடிப்படையில் மூவகையாகப் பிரித்தது. குழந்தை எவற்றையெல்லாம் காணலாகாது என்பதை இப்பகுப்பு வரையறுக்கிறது. குழந்தை எதைக் கண்டு, ஏன் சிரிக்கிறது என்னும் மூன்றாம் வினா இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

அவ்வினா கூர்மை பெறும் களம் திருட்டு நகைச்சுவைப் படம். திருடக் கூடாது என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளரும் குழந்தை, திருடர் கூடித் திட்டமிடும் படத்தைக் கண்டு மகிழ்கிறது. அம்மகிழ்ச்சி திருட்டை ஏற்பதாகுமா? அன்றி வேறொன்றின் வெளிப்பாடா? சென்னையின் தென்புறநகராகிய கோவிலம்பாக்கத்தில் கைப்பேசித் திரையில் ஒரு பழைய ஆங்கிலப் படத்தைக் காணும் குழந்தைக்கும் இவ்வினா பொருந்தும்.

குழந்தைகளின் எதிர்வினையை அறியக் களஆய்வு ஒரு வழி. பனுவல்வழி ஆய்வு மற்றொரு வழி. குழந்தையும் குழந்தையை ஒத்த பாத்திரங்களும் கள்வரை எதிர்கொள்ளும் காட்சிகளைப் படத்தினுள்ளேயே காணலாம்; அக்காட்சிகள் பார்வையாளராகிய குழந்தைக்கு ஓர் இருக்கையை ஒதுக்கித் தருகின்றன. இக்கட்டுரை இரண்டாம் வழியை மேற்கொள்கிறது.

1. மெய்ப்பாட்டியல் வகுக்கும் எல்லை

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அச்சத்திற்கு உரியவை அணங்கு, விலங்கு, கள்வர், தம்மிறை என்பன. நகைக்கு உரியவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. இவ்வமைப்பில் கள்வர் அச்சத்தின் பக்கம் நிற்கின்றனர். அவர்களோடு ஒரே வரிசையில் ஆட்சியதிகாரம் உடைய தலைவரும் நிற்கின்றனர். எளியோர்க்குக் கள்வரும் அதிகாரமும் ஒருங்கே அஞ்சத்தக்கவை என்னும் நுட்பம் இதில் புலப்படுகிறது.

நகையின் நான்கனுள் எள்ளல் இகழ்ச்சி. இளமை மழலைத்தன்மை. பேதைமை அறியாமை. மடன் என்பதற்கு உரைமரபு கூறும் விளக்கம் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. பிறர் அறிவுறுத்தியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைப் பின்னர்க் கைவிடாதிருக்கும் இயல்பே மடன். எனவே பேதைமையும் மடனும் ஒன்றல்ல. பேதைமை அறியாமையால் விளைவது. மடன் அறிந்த ஒன்றை இறுகப் பற்றுவது. உலகியலில் தேர்ந்தோர்க்கு அப்பிடிவாதம் நகைப்பை அளிக்கிறது.

கள்வனைக் கண்டு நகுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பெரியாழ்வார் திருமொழியில் வெண்ணெய் களவாடும் கண்ணனைப் பற்றி ஆயர் மகளிர் யசோதையிடம் முறையிடுகின்றனர். களவு நிகழ்ந்ததில் ஐயமில்லை, இழப்பும் உண்மை. ஆயினும் களவாடியவன் குழந்தை. இளமை என்னும் நிலைக்களன் கள்வனை அச்சத்தின் வரிசையிலிருந்து நகையின் வரிசைக்கு இடம்பெயர்க்கிறது. கள்வர் முதியவராகவும் கொடியவராகவும் இருந்தால் அவ்விடப்பெயர்ச்சி எவ்வாறு இயலும் என்பதே ‘தி லேடிகில்லர்ஸ்’ முன்வைக்கும் சிக்கல்.

2. நிழலிலிருந்து தேநீர் மேசைக்கு

இலண்டனின் ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தில் மைக்கேல் பால்கன் தயாரிப்பில் உருவான இப்படத்தை அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கினார். திரைக்கதை வில்லியம் ரோஸ் எழுதியது. கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்தை அடுத்து, சுரங்கப்பாதையின் மேல் சாய்ந்து நிற்கும் பழைய வீட்டில் திருமதி வில்பர்ஃபோர்ஸ் என்னும் மூதாட்டி கிளிகளுடன் தனித்து வாழ்கிறார். இசைக்குழுவினர் போல நடிக்கும் ஐவர் அவர் வீட்டில் அறை எடுத்துத் தங்கி, 60,000 பவுண்டுப் பணத்தைக் கொள்ளையிடுகின்றனர். தலைவர் மார்கஸாக அலெக் கின்னஸ் நடித்தார். மூதாட்டியாக நடித்த கேட்டி ஜான்சனுக்குப் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது.

மார்கஸின் வருகை அச்சக் காட்சியாகவே அமைக்கப்பட்டுள்ளது. முதலில் அவர் முகம் தோன்றுவதில்லை. நிழல் மூதாட்டியைத் தொடர்ந்து வருகிறது, பின்னர் வீட்டுக் கதவின் கண்ணாடியில் படிகிறது. கள்வர் அச்சத்தின் நிலைக்களன் என்பதைப் படம் முதலில் உறுதிசெய்துகொள்கிறது. கதவு திறந்ததும் அச்சம் வேறொன்றாகத் திரிகிறது. மூதாட்டி அவரை அஞ்சவில்லை. வாடகைக்கு அறை கேட்டு வந்த கற்றறிந்தவராகவே அவரை ஏற்று, வீட்டின் குறைகளைப் பொறுமையாக விளக்குகிறார். போர்க்காலக் குண்டுவீச்சில் வீடு சரிந்தமையால் சுவரில் படங்கள் நேராகத் தொங்குவதில்லை என்கிறார்.

இவ்விடத்தில் குழந்தைப் பார்வையாளருக்கு ஓர் அரிய நிலை வாய்க்கிறது. பெரியவர் உலகில் குழந்தை எப்போதும் குறைவாக அறிந்தவர். பெரியோர் பேச்சின் பாதி அதற்குப் புரிவதில்லை. இங்கோ திரையிலுள்ள முதியவர் அறியாததைக் குழந்தை அறிகிறது. மேல்மாடியில் ஒலிப்பது கிராமபோன் இசைத்தட்டு, வயலின் அன்று என்பது அதற்குத் தெரியும். மூதாட்டி தேநீர் வேண்டுமா என்று கேட்டுக் கதவைத் தட்டும்போதெல்லாம் ஐவரும் ஓடிச்சென்று இசைக்கருவிகளைக் கையில் எடுக்கின்றனர். பெரியவர் காலடி ஓசை கேட்டதும் புத்தகத்தை விரித்துவைத்துப் படிப்பதாக நடிக்கும் குழந்தைக்கு இக்காட்சியை விளக்க ஆங்கிலம் தேவையில்லை. தான் நாள்தோறும் ஆடும் நாடகத்தை வளர்ந்த ஆடவர் ஐவர் ஆடக் காண்பதே நகைப்பின் தோற்றுவாய்.

ஆகவே முதற்கட்ட நகைப்பு இருமுகம் கொண்டது. மூதாட்டியின் பேதைமை ஒரு முகம். திருடரின் இளமை மற்றொரு முகம். கண்ணனுக்கு வயதால் வாய்த்த இளமை இத்திருடருக்கு நிலைமையால் வாய்க்கிறது. வீட்டிலுள்ள பாட்டிக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்ய முயலும் எவரும், வயது எதுவாயினும், சிறுவரே.

3. மடன் என்னும் வலிமை

படத்தின் பிற்பகுதியில் நகைப்பின் நிலைக்களன் மாறுகிறது. செல்லோப் பெட்டியின் வார் கதவிடுக்கில் சிக்க, பெட்டி திறந்து பணத்தாள்கள் சிதறுகின்றன. மூதாட்டி உண்மையை அறிகிறார். பேதைமை அங்கே முடிகிறது. இனி அவர் எல்லாம் அறிந்தவர். இருந்தும் அவர் அஞ்சவில்லை. குற்றம் செய்த பிள்ளைகளிடம் நடந்துகொள்வதுபோல் அவர்களைக் கடிகிறார். தேநீருக்கு வந்த தோழியர் முன்னிலையில் அவர்கள் அடங்கி அமர்ந்து பாடவும் நேர்கிறது.

மார்கஸ் முன்வைக்கும் வாதம் இங்கே முதன்மையானது. பணம் காப்பீடு செய்யப்பட்டது. நிறுவனம் இழப்பை ஈடுசெய்துவிடும். காப்பீட்டாளர் ஒவ்வொருவர் தலையிலும் ஏறுவது மிகச் சிறிய காசு. எனவே பணத்தைத் திருப்பித் தந்தாலும் யாருக்கும் பயனில்லை என்கிறார். வாதத்தில் ஓட்டையைக் காண்பது எளிதன்று. மூதாட்டிக்கும் எதிர்வாதம் இல்லை. திருடுவது தவறு என்று கற்றிருக்கிறார். அதை விடமாட்டார், அவ்வளவே. இதுவே மடன். குழந்தையின் அறவுணர்வும் இவ்வாறுதான் இயங்குகிறது. ஏன் தவறு என்று கேட்டால் அதற்கு விளக்கத் தெரியாது; தவறு என்பது மட்டும் தெரியும். பெரியோர் முன்வைக்கும் நுண்ணிய காரணங்களின்முன் நாள்தோறும் தோற்கும் அவ்வுறுதி, இத்திரையில் தோற்பதில்லை.

மூதாட்டியைக் கொல்வது யார் என்று தீக்குச்சிகளைக் கொண்டு திருவுளச்சீட்டுப்போல் தெரிவு செய்யும் ஐவரும் ஒருவர்பின் ஒருவராகத் தங்களுக்குள்ளேயே மாள்கின்றனர். இறுதியில் எஞ்சிய மார்கஸின் தலைமேல் இரயில் கைகாட்டி விழுகிறது. காவல்துறை இவ்வழிவில் எப்பங்கும் வகிக்கவில்லை. மூதாட்டி காவல் நிலையத்துக்குச் சென்று உண்மையைச் சொன்னபோதும் அவர்கள் நம்பவில்லை. பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்து அனுப்பிவிடுகின்றனர். மெய்ப்பாட்டியல் அச்சத்தின் வரிசையில் சேர்த்து நிறுத்திய கள்வரும் தம்மிறையும் இங்கு ஒருங்கே வலுவிழக்கின்றனர். நகையின் வரிசையில் நின்ற மடன் வெல்கிறது.

நான்காண்டு முன்னர் அதே நிலையத்தில் சார்லஸ் கிரைட்டன் இயக்கிய ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ இக்கருத்துக்கு நேர்ச்சான்று. டி.ஈ.பி. கிளார்க் எழுதிய இப்படத்தின் கதை, திரைக்கதைக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. கொள்ளையிட்ட பொன்னை ஈஃபில் கோபுர வடிவப் பொம்மைகளாக வார்த்துப் பாரிசுக்கு அனுப்புகின்றனர் திருடர். அவற்றுள் ஆறு, தவறுதலாகச் சுற்றுலா வந்த ஆங்கிலப் பள்ளிச் சிறுமியரிடம் விற்கப்பட்டுவிடுகின்றன. ஐந்தை மீட்டுவிடுகின்றனர். ஆறாம் சிறுமி மட்டும் தர மறுக்கிறாள். அவளுக்கு அது பொன் என்பது தெரியாது; தன் நண்பராகிய காவலர் ஒருவருக்கு அப்பொம்மையைக் கொடுப்பதாக எண்ணி வாங்கியிருக்கிறாள். அவ்வளவு திறனோடு நடத்திய கொள்ளை அந்த ஒரு சிறுமியின் பிடியில் சிக்கிக் குலைகிறது. இங்கே பேதைமையும் மடனும் ஒரே குழந்தையிடம் அமைந்துள்ளன. திருடரை வீழ்த்துவது மடனே. பார்வையாளராகிய குழந்தைக்கு ஒதுக்கப்பட்ட இருக்கை இச்சிறுமியின் இருக்கை.

4. தமிழ்த் திரையில் கள்வனும் குழந்தையும்

ப. நீலகண்டன் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘திருடாதே’, திருட்டைப் பற்றித் தமிழ்த் திரை குழந்தையிடம் நேராகப் பேசிய படம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய பாடல் ஒரு குழந்தையை விளித்தே திருட்டைக் கடிகிறது. படம் வெளிவந்தபோது கவிஞர் உயிருடன் இல்லை, 1959இலேயே மறைந்துவிட்டார். சட்டத்தால் மட்டும் திருட்டை ஒழிக்க இயலாது, திருடுவோர் தாமே உணர்ந்து திருந்த வேண்டும் என்னும் அப்பாடலின் கருத்து, அதிகாரத்தைவிட அகவுறுதியை நம்பும் ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தின் கருத்துக்கு அணுக்கமானது. வேறுபாடு குழந்தை நிற்கும் இடத்தில் உள்ளது. ‘திருடாதே’யில் குழந்தை கேட்பவர், அறம் மேலிருந்து அதற்கு வழங்கப்படுகிறது. ஈலிங் படங்களில் குழந்தையை ஒத்தவர் அறத்தை ஏற்கெனவே கைக்கொண்டவர். திருடரே அதனைக் கேட்டாக வேண்டியவர்.

சித்ராலயா கோபு தம் நாடகத்தை ஏவி.எம். நிறுவனத்துக்காகப் படமாக்கிய ‘காசேதான் கடவுளடா’ தமிழின் குறிப்பிடத்தக்க திருட்டு நகைச்சுவைப் படம். வீட்டுப் பணத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் பெண்ணாக மனோரமாவும், சாமியார் வேடமிடும் அப்பாசாமியாகத் தேங்காய் சீனிவாசனும் நடித்தனர். ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தோடு இதன் அமைப்பு வியப்புக்குரிய ஒற்றுமை உடையது. இரண்டிலும் ஒரு வீடு, அவ்வீட்டை ஆளும் ஒரு பெண், மதிப்புக்குரிய வேடம் பூண்டு உள்நுழையும் ஆண். இலண்டன் வீட்டுக் கதவு இசைக்குத் திறக்கிறது. சென்னை வீட்டுக் கதவு துறவுக்குத் திறக்கிறது. எந்தச் சமுதாயம் எதை ஐயுறாது என்பதை வேடத்தின் தெரிவே காட்டிவிடுகிறது.

நகையின் நிலைக்களன் மட்டும் வேறு. தேங்காய் சீனிவாசனின் சென்னைத் தமிழ் சாமியார் வேடத்தின்கீழிருந்து எட்டிப்பார்க்கும்போது எழும் சிரிப்பு எள்ளலின் பாற்பட்டது. போலித்துறவும் பணச்செருக்கும் எள்ளப்படுகின்றன. குழந்தையும் இதைக் கண்டு சிரிக்கும். ஆயினும் சாமியாரை எள்ளுவதற்குச் சாமியார் என்னும் மதிப்பை முன்பே அறிந்திருக்க வேண்டும். எள்ளல் முதிர்ந்தோர் நகை. குழந்தை அச்சிரிப்பில் பெரியோரோடு சேர்ந்துகொள்கிறது. தனக்கென ஒதுக்கிய இருக்கை அங்கு அதற்கில்லை.

அவ்விருக்கையைத் தமிழில் தருவது ம. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்ற இப்படம் திருட்டு நகைச்சுவைப் படமன்று. ஆயினும் எட்டாத பொருளை அடையத் திட்டமிடும் சிறுவர் இருவரின் கதை என்பதால் அதன் உறவுப்படம். வசதியான வீட்டுச் சிறுவன் தான் உண்டு மிச்சம் வைத்த பீட்சாவை வேலிக்கு அப்பாலிருந்து நீட்டும்போது, தம்பி ஆசைப்பட்டும் அண்ணன் மறுக்கிறான். காரணத்தை அவன் நெடிதாக விளக்குவதில்லை. ஆசைப்பட்ட பொருளே கைக்கெட்டும் தொலைவில் வந்தபோதும் கொண்ட உறுதியை விடாத இம்மறுப்பும், பொம்மைக் கோபுரத்தைத் தர மறுத்த சிறுமியின் மறுப்பும் ஒரே மெய்ப்பாட்டின் இரு தோற்றங்கள்.

5. கோவிலம்பாக்கத்துக் கூடம்

மேடவாக்கத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் இடையே அமைந்த கோவிலம்பாக்கம், ஏரியை ஒட்டிய சிற்றூராக இருந்து அடுக்ககங்கள் நெருங்கிய புறநகராக மாறியது. மாதவரம் முதல் சோழிங்கநல்லூர் வரையிலான மெட்ரோ வழித்தடம் இவ்வூர் வழியாக அமைக்கப்படுகிறது. இங்குக் குழந்தை கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ ‘தி லேடிகில்லர்ஸ்’ காணுமாயின், 1955இன் இலண்டன் அதற்கு அயலாகவே இருக்கும் என்று கருதுவது பிழை. புதிய அடுக்ககங்களுக்கு நடுவே எஞ்சி நிற்கும் பழைய ஓட்டு வீட்டையும், அதில் தனித்திருக்கும் பாட்டியையும் தென்புறநகர்க் குழந்தை அறியும். சுரங்கத்தின்மேல் சாய்ந்து நிற்கும் வில்பர்ஃபோர்ஸ் வீடு அதன் கண்ணுக்குப் புதுமையன்று.

அக்குழந்தை முன்னறிந்த திருட்டுக்கதையும் ஒன்றுண்டு. பாட்டி சுட்ட வடையைக் காகம் கவர்கிறது. காகத்தை நரி ஏமாற்றுகிறது. தமிழ்க் குழந்தை கேட்கும் முதல் திருட்டு நகைச்சுவை இதுவே. காகம் வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடியதாக மாற்றிச் சொல்லும் வழக்கும் பரவியுள்ளது. எவ்வடிவத்திலும் பாட்டி கதையின் தொடக்கத்திலேயே மறைந்துபோகிறார். வடை போனபின் பாட்டி என்ன செய்தார் என்று கதை சொல்வதில்லை. இழப்பு யாருடையது என்னும் வினா நரியின் தந்திரத்தில் கரைந்துவிடுகிறது. மார்கஸின் காப்பீட்டு வாதமும் இதையே செய்ய முயல்கிறது: இழந்தவரைக் கதையிலிருந்து அகற்றிவிட்டால் திருட்டு வெறும் திறமையாகிவிடும்.

‘தி லேடிகில்லர்ஸ்’ பாட்டியைக் கதையை விட்டு அகல விடவில்லை. காகமும் நரியும் ஒருவரையொருவர் ஏமாற்றி அழிந்தபின் வடை பாட்டியிடமே திரும்புகிறது. வடைக்கதையில் விடுபட்ட பாதியை இப்படம் நிறைவு செய்கிறது எனலாம். கோவிலம்பாக்கத்துக் குழந்தையின் மகிழ்ச்சிக்கு இதுவே காரணமாக அமையுமாயின், அது திருட்டின் வெற்றியைக் கண்ட மகிழ்ச்சியாகாது; மறக்கப்பட்டவர் மீண்டதைக் கண்ட மகிழ்ச்சியாகும்.

6. நகை நில்லா இடங்கள்

இவ்விளக்கத்துக்கு வரம்புகள் உண்டு. ஐவர் மாளும் கதையில் அச்சம் முற்றிலும் நீங்குவதில்லை. சாவுகளைப் படம் இருளிலும் நீராவிப் புகையிலும் மறைத்து, உடல்களைச் சரக்கு வண்டியில் விழச்செய்து தொலைவுக்கு அனுப்பிவிடுகிறது. ஆயினும் சிறுகுழந்தைக்கு மார்கஸின் நிழலே போதும். படத்தின் தொடக்கத்தில் தள்ளுவண்டியிலுள்ள கைக்குழந்தையை மூதாட்டி அன்போடு குனிந்து நோக்க, அது வீறிட்டழுகிறது. அம்மூதாட்டியின் மென்மைக்குள் அஞ்சத்தக்க ஒன்று உண்டு என்பதைப் படமே ஒரு குழந்தையின் எதிர்வினையால் முன்னுணர்த்துகிறது.

முடிவும் சிக்கலானது. சிறுவயதினர் விளைவின் அளவை வைத்தும், வளர்ந்தோர் உள்நோக்கத்தை வைத்தும் ஒரு செயலை மதிப்பிடும் போக்கினர் என்பதை ஜீன் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இதன்படி நோக்கினால் திருட்டுப்பணம் பாட்டியிடமே தங்குவது வெவ்வேறு வயதினர்க்கு வெவ்வேறு முடிவாகும். நல்லவருக்குப் பரிசு கிடைத்தது என்று ஒரு குழந்தை மகிழலாம். பணத்துக்கு உரியவர் இன்னும் பெறவில்லையே என்று மற்றொரு குழந்தை கேட்கலாம். இரண்டாம் வினாவை எழுப்பும் குழந்தை படத்தைப் பிழையாகப் புரிந்துகொள்ளவில்லை. படம் கற்பித்த மடனைப் படத்தின்மீதே செலுத்துகிறது.

மெக்கென்ட்ரிக் இதை அறிந்தே இருந்தார் எனக் கருத இடமுண்டு. 1965இல் அவர் இயக்கிய ‘எ ஹை விண்ட் இன் ஜமைக்கா’ படத்தில் கடற்கொள்ளையர் கையில் குழந்தைகள் அகப்படுகின்றனர். முடிவில் ஒரு சிறுமியின் நீதிமன்றச் சொல்லே கொள்ளையரைத் தூக்குக்கு அனுப்புகிறது. அங்கே நகை இல்லை. குழந்தையின் வலிமை நகைக்கும் அச்சத்துக்கும் பொதுவானது என்பதை அவ்விரு படங்களும் சேர்ந்து காட்டுகின்றன.

முடிவுரை

திருட்டு நகைச்சுவைப் படம் கள்வரை அச்சத்தின் நிலைக்களனிலிருந்து நகையின் நிலைக்களனுக்குப் பெயர்க்கிறது. இப்பெயர்ச்சி ‘காசேதான் கடவுளடா’வில் எள்ளலாலும், ஈலிங் படங்களில் முதலில் இளமை, பேதைமைகளாலும் பின்னர் மடனாலும் நிகழ்கிறது. மடனால் எழும் நகையில்தான் குழந்தைக்கு உரிய இருக்கை அமைகிறது. கற்றதை விடாதிருத்தல் என்னும் தன் இயல்பு, பெரியோரின் திட்டங்களைக் குலைக்கவல்லது என்பதைக் குழந்தை அங்கே கண்டு சிரிக்கிறது. அச்சிரிப்பைத் திருட்டுக்கு அளித்த ஒப்புதலாகக் கொள்ளுதல் தவறு.

இதிலிருந்து தமிழ்க் குழந்தைத் திரைப்படத் திறனாய்வுக்கு ஒரு கடமை பிறக்கிறது. ஒரு படம் குழந்தைக்கு என்ன நீதி புகட்டுகிறது என்று கேட்பதற்கு முன், குழந்தை ஏற்கெனவே பற்றியிருக்கும் நீதிக்கு அப்படத்தில் இடம் உள்ளதா என்று கேட்டாக வேண்டும். வடைக்கதையைக் கேட்கும் குழந்தைகளுள் ஒன்றேனும் பாட்டி என்ன ஆனார் என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்கு இடமளிக்கும் படங்களே குழந்தைகளுக்கான படங்கள்.